மீன் வேண்டாம் என்றவள்

தேக்கா சந்தையில் மீன்கடை வைத்திருக்கும் ஜாஃபருக்கு ஒரு பழக்கம் உண்டு. மதியம் கடையைக் கழுவி மூடும்போது மிஞ்சிய மீனைப் பைகளில் போட்டு, பக்கத்து உணவங்காடியில் மேசை துடைக்கும் பெண்களுக்குக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் கானாங்கெளுத்திதான். யோகம் இருந்தால் ஒரு வஞ்சிரத் துண்டு. வேண்டாம் என்று சொன்னவர்கள் இரண்டே பேர்.

ஒருத்தி பூவம்மா. அறுபத்து மூன்று வயது. "தம்பி பொண்டாட்டி நேத்துதான் மீன் வாங்கி அடைச்சு வச்சிருக்கா ஜாஃபர். பிரிட்ஜ்ல விரல் வைக்க இடமில்ல. வேற யாருக்காச்சும் குடு" என்பாள்.

இன்னொருத்தி லீலா. அவள் காரணம் எதுவும் சொல்ல மாட்டாள். தலையை மட்டும் ஆட்டுவாள்.

"நீ என்ன, சைவமா?" என்று ஜாஃபர் ஒருநாள் கேட்டார். "நேத்து மீ கோரெங் நூடுல்ஸ்ல இருந்த இறாலத் தேடித் தேடித் தின்னியே, நான் பார்த்தனே!"

எல்லோரும் சிரித்தார்கள். லீலாவும் சிரித்துவிட்டுத் துணியைப் பிழியப் போய்விட்டாள். மீனை வைக்க அவளுக்குக் குளிர்பெட்டி இல்லை, ஆக்க அடுப்பும் இல்லை. ஒரு தேவாலயக் கூடத்தின் ஓரத்தில் இரவு ஒன்பது மணிக்கு விரித்துக் காலை ஏழு மணிக்குள் மடித்துவைக்க வேண்டிய ஒரு மெத்தைதான் இருந்தது. வேலையிடத்தில் அது யாருக்கும் தெரியாது.

அன்றுதான் லீலா பூவம்மாவை உற்றுக் கவனிக்கத் தொடங்கினாள்.

கவனிப்பது லீலாவின் தொழிலாக இருந்தது. உயர்நிலை முதலாண்டிலேயே பள்ளியை விட்டு, கொஞ்ச காலம் கழித்து ஜூரோங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தவள். பெரிய கண்ணாடிக்குக் கீழே சில்லுகளை வைத்து, எதில் பற்றவைப்பு சரியில்லை என்று பார்த்து ஒதுக்கும் வேலை. இருபத்திரண்டு வருடம் வாய் திறக்காமல் கண்ணாலேயே உழைத்தாள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனது. திருமணம் முறிந்தது. வீடு விற்கப்பட்டது. உட்லண்ட்ஸில் அக்கா வீட்டு வரவேற்பறையில் நாலு வருடம் படுத்தாள். போ என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் அவளுடைய தலையணை முதலில் சோபாவிலிருந்து அலமாரிக்குப் போனது, பிறகு சமையலறைக்குப் பின்னால் துணி காயும் இடத்துக்குப் போனது. அது அடுத்து எங்கே போகும் என்று பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு மனமில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள்.

பதினொரு மாதம் தேக்காவுக்குப் பக்கத்து அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசைக்குப் பின்னால் அட்டையை விரித்துப் படுத்தாள். அங்கேதான் ஜோவன்னா அவளைக் கண்டாள். ஜோவன்னா அந்தத் தேவாலயத்துப் பெண், முப்பது வயது. வெளியே படுப்பவர்களைத் தேடிப் போகும் தொண்டூழியர் குழுவில் இருந்தாள்.

இப்போது பூவம்மாவின் செய்கைகளில் லீலா தன்னையே பார்த்தாள். யார் எப்போது வந்தாலும் பூவம்மா ஏற்கெனவே வந்திருப்பாள். மழைநாளில் அவள் கொண்டுவரும் பையின் அடிப்பக்கம் மட்டும் ஈரமாக இருக்கும். பால், முட்டை, வெண்ணெய் என்று கெட்டுப்போகும் எதையும் அவள் வாங்கியதே இல்லை. கடைசியாக ஒருநாள் அந்தக் கல்மேசைப் பக்கம் போனபோது, படிக்கட்டின் இடுக்கில் மடித்துச் செருகிய அட்டையும், அதன்மேல் பூவம்மாவின் மஞ்சள் பூப்போட்ட குடையும் இருந்தன.

*

அந்த வாரம் ஜோவன்னா ஒரு செய்தி கொண்டுவந்தாள். பூன் கெங்கில் ஓர் ஓரறை வாடகை வீடு காலியாக இருக்கிறது. தனி ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்து இருக்க வேண்டிய வீடு.

"தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சேர்ந்து அப்ளை பண்ணுங்க ஆன்ட்டி. இல்லன்னா வீட்டப் பார்த்துக்கிறவங்களே ஒரு பார்ட்னர் பார்த்துக் குடுப்பாங்க. ஆனா வெள்ளிக்கிழமைதான் இன்டர்வியூ, விட்டா அடுத்த ஜோடிக்குப் போயிரும் லா."

லீலா ஒருமுறை முகம் தெரியாத ஒருத்தியோடு அப்படி ஒரு வீட்டில் இருந்து பார்த்தவள். அந்தப் பெண் சுவரோடு சண்டை போடுவாள், விடிய விடிய விளக்கை எரியவிடுவாள். மூன்று மாதத்தில் லீலா மறுபடி கல்மேசைக்கே திரும்பியிருந்தாள்.

"இந்தத் தடவ ஆள நானே கூட்டிட்டு வர்றேன்" என்றாள்.

லீலா இவ்வளவு நீளமாகப் பேசி ஜோவன்னா கேட்டதில்லை. "யாரு ஆன்ட்டி?"

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

நாள் குறைவு என்ற அவசரத்தில் ஜோவன்னா மறுநாளே உணவங்காடிக்கு வந்து நின்றாள். பூவம்மா அப்போது தட்டு திருப்பி வைக்கும் இடத்தில் ஓர் ஆளை மடக்கிப் பிடித்திருந்தாள். ஹலால் அல்லாத தட்டை அவர் ஹலால் அடுக்கில் வைத்துவிட்டார். இந்த மாதிரி விஷயங்களைப் பூவம்மாவால் விட முடியாது. பேருந்து எண்ணைத் தப்பாகச் சொன்னாலும் திருத்துவாள், தைப்பூசம் எந்தக் கிழமை என்று தப்பாகச் சொன்னாலும் திருத்துவாள். "கலர் தெரியலையா தம்பி? பச்சை இங்க, நீலம் அங்க. போர்டு சும்மா அழகுக்கா மாட்டியிருக்கு?"

அந்த ஆள் தப்பித்துப் போனதும் ஜோவன்னா நெருங்கினாள். நல்ல பிள்ளை, குரலும் மென்மைதான். ஆனால் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

"ஆன்ட்டி, நைட்ல நீங்க எங்க படுக்கிறீங்க?"

பூவம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீ எங்கம்மா படுக்கிற? கட்டில்லயா, தொட்டில்லயா?"

பக்கத்தில் இருந்தவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஜோவன்னாவின் முகம் சிவந்துவிட்டது. பூவம்மாவும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே அவள் பார்வை கூட்டத்தைத் தாண்டி வந்து லீலாவின் மேல் நின்றது.

இரண்டு நாள் அவள் லீலாவோடு பேசவில்லை. லீலா துடைக்கும் மேசைகள் பக்கமே வரவில்லை.

வியாழக்கிழமை ஆகிவிட்டது. தப்பு எங்கே நடந்தது என்று லீலாவுக்குத் தெரியும். இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லிச் சொல்லித்தான் பூவம்மா நிமிர்ந்து நடக்கிறாள். நாலு பேர் நடுவில் அதைப் பறித்தால் விடுவாளா? தன்னிடம் அப்படிக் கேட்டிருந்தால் தானும் ஓடித்தான் போயிருப்பேன் என்று நினைத்தாள். அதற்காகச் சும்மா இருக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. வேலை முடிந்து பூவம்மா துடைப்பத்தை அலசும்போது பக்கத்துக் குழாயடியில் போய் நின்றாள்.

"அக்கா."

பூவம்மா துடைப்பத்தை இன்னும் வேகமாக அலசினாள்.

"எனக்கு வீடு இல்ல அக்கா."

பூவம்மாவின் கை நின்றது. இதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"கோயில் ஹால்ல படுக்கிறேன். கிறிஸ்தவங்க கோயில். அதுக்கு முந்தி பதினொரு மாசம் வெளியில படுத்தேன். நாளைக்கு வீட்டுக்கு இன்டர்வியூ. ரெண்டு பேரா போகணும். எனக்கு யாரும் இல்ல."

"எனக்குத்தான் தம்பி வீடு இருக்கே?"

"இருக்கட்டும் அக்கா. எனக்குத் துணைக்கு வாங்க. ஆபீசர் முன்னால உட்கார்ந்தா எனக்கு வாயே வராது."

பூவம்மா துடைப்பத்தைப் பிழிந்து சுவரில் சாய்த்தாள். "எத்தன மணிக்கு?"

"பத்து."

"பத்துன்னா ஒன்பதே முக்காலுக்கு அங்க இருக்கணும். நீ ஆடி அசைஞ்சு வராத."

*

நேர்காணல் ஒரு சமூக சேவை அமைப்பின் அலுவலகத்தில் நடந்தது. வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு அது. முனீரா என்ற அதிகாரி தமிழிலேயே பேசினாள். தேநீர் வேண்டுமா என்று கேட்டாள். பிறகு தாளைப் புரட்டி, லீலாவின் விவரங்களை எழுதிக்கொண்டு, பூவம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இப்ப எங்கம்மா தங்கியிருக்கீங்க?"

"அங் மோ கியோ. தம்பி வீடு." அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். அதிலும் அந்த முகவரிதான் இருந்தது.

முனீரா எழுதுகோலை எடுக்கவில்லை. "அங்க உங்களுக்கு இடம் இருக்குன்னா, உங்க பேர இதுல போட முடியாதும்மா. இது இடமே இல்லாதவங்களுக்கு. லீலா அம்மாவுக்கு நாங்க வேற ஆள் பார்ப்போம். கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான்."

"சரி, பாருங்க" என்றாள் பூவம்மா. ஆனால் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லீலா மேசையில் இருந்த தாளைப் பார்த்தாள். இப்போது பேசாவிட்டால் இந்தத் தாளை முனீரா மூடிவிடுவாள். மாலையில் அவள் தேவாலயக் கூடத்துக்குப் போவாள். பூவம்மா கல்மேசைக்குப் போவாள். நாளை மதியம் ஜாஃபர் மீன் கொடுப்பார், இரண்டு பேரும் வேண்டாம் என்பார்கள்.

"நான் படுத்த இடத்தச் சொல்லட்டுமா?" என்றாள்.

முனீரா நிமிர்ந்தாள். "சொல்லுங்க."

"தேக்காவுக்குப் பக்கத்துல ஒரு புளோக். கீழ கல்மேசை இருக்கும். அதுக்குப் பின்னால படுத்தா ரோட்டுல போறவங்களுக்குத் தெரியாது. வடக்குப் பக்கம் தல வச்சா சாரல் அடிக்கும், அதனால தெக்குப் பக்கம் வைக்கணும். பொம்பளைங்க ஷூவோடதான் தூங்கணும், எப்ப ஓட வேண்டி வரும்னு தெரியாது." லீலா மூச்சு வாங்கிக்கொண்டாள். "அலாரம் வேண்டாம். காலைல ஆறு மணிக்குக் காய் லாரி ரிவர்ஸ் எடுக்கும். பீப் பீப்னு அதுவே எழுப்பிவிட்டுரும்."

"ஆறு மணியா?" என்றாள் பூவம்மா. "ஏன்டி, பதினொரு மாசம் படுத்தேங்கிற, லாரி எப்ப வரும்னு தெரியாதா? நாலரைக்கே வந்துருவான். ஆறு மணிக்கெல்லாம் நான் அட்டைய மடிச்சு, மூஞ்சி கழுவி..."

அதற்கு மேல் வரவில்லை.

பூவம்மா மெல்லத் திரும்பி லீலாவைப் பார்த்தாள். லாரி நாலரைக்கு வரும் என்பது லீலாவுக்குத் தெரியாதா? பதினொரு மாதம் அந்தச் சத்தத்தில்தானே எழுந்தாள்? அது பூவம்மாவுக்கும் அப்போது புரிந்துவிட்டது.

லீலா கண்ணைத் தாழ்த்தவில்லை. "எழுதச் சொல்லவா அக்கா? நீங்க வேண்டாம்னா வேண்டாம். நாம எந்திரிச்சுப் போயிரலாம்."

முனீரா எழுதுகோலை எடுக்காமல் காத்திருந்தாள். அவளுக்கு நன்றாகக் காத்திருக்கத் தெரிந்தது.

பூவம்மா குடையைத் தரையில் வைத்தாள். சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "தம்பி செத்து ஒரு வருஷம் ஆச்சு" என்றாள். "வீடு அவன் பொண்டாட்டி பேருல. அவ நல்லவதான். அவளுக்கு ரெண்டு மருமக வந்துட்டாங்க, இடம் எங்க இருக்கு?" பிறகு மேசையில் விரலால் தட்டினாள். "எழுதும்மா. ஏழு மாசம். எட்டுன்னு போட்டுராத."

முனீரா எழுதினாள். எழுதியதைத் திருப்பிக் காட்டினாள். பூவம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் பார்த்துத் தலையசைத்தாள்.

வெளியே வந்து இருவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள்.

"ஊமை மாதிரி இருந்துகிட்டு என்னையே மாட்டிவிட்டுட்டியேடி" என்றாள் பூவம்மா.

"கோவமா அக்கா?"

"கோவந்தான். இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்கும்." பேருந்து வந்தது. "ஜன்னல் பக்கம் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

"பஸ்லயா, வீட்லயா?"

"ரெண்டுலயுந்தான்."

*

ஏழு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை சாவி கைக்கு வந்தது. அறையின் நடுவில் ஒரு மரத்தடுப்பு இருந்தது. ஜன்னல் பூவம்மாவின் பக்கம். ஜோவன்னாவின் குழு இரண்டு மெத்தையும் ஒற்றை அடுப்பும் கொண்டுவந்து வைத்தது. பூவம்மா ஜோவன்னாவைக் கூப்பிட்டு மெத்தையைக் காட்டி, "நைட்ல நான் இங்கதாம்மா படுக்கிறேன். போதுமா?" என்றாள். ஜோவன்னா சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அவளைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் வழக்கம்போல் ஜாஃபர் பைகளோடு வந்தார். லீலாவையும் பூவம்மாவையும் பார்த்ததும் தாண்டிப் போகப் பார்த்தார்.

"நில்லு ஜாஃபர்" என்றாள் பூவம்மா. "என்ன மீனு?"

"கானாங்கெளுத்தி. ஏன், தம்பி பொண்டாட்டி பிரிட்ஜ்ல இடம் வந்துருச்சா?"

"அந்த பிரிட்ஜப் பத்தி உனக்கென்ன? குடு இங்க."

அவள் பையை வாங்கி முடிச்சுப் போட்டாள். லீலா அவள் காதருகே குனிந்தாள். "நம்ம கிட்ட பிரிட்ஜ் இல்லயே அக்கா."

"தெரியும்டி. அதான் சீக்கிரம் கிளம்புங்கிறேன். மூணு மணிக்குள்ள ஆக்கிரணும்."

"வழில புளி வாங்கணும்."

"புளி மட்டுமா? உப்பு யாரு வாங்குவா?"

லீலா ஏப்ரனைக் கழற்றி மடித்தாள். ஜாஃபரிடம் போய்க் கையை நீட்டினாள். "எனக்கும் ஒரு பை."

"ஒரே வீட்டுக்கு ரெண்டா?" என்றார் அவர், புளி உப்புப் பேச்சைக் கேட்டுவிட்டு.

"ஆமா" என்றாள் லீலா. "ஒரே வீட்டுக்கு."