கிட்டாருக்குள் போன பயணச்சீட்டு

நானுஓயாவில் ரயிலேறி என் எதிரே அமர்ந்தவர், எண்ணெய் மினுங்கும் சுருள்முடியும் சிவப்புக் கழுத்துப்பட்டியுமாக, மடியில் மின்சாரக் கிட்டார் ஒன்றை வைத்திருந்தார். மின்சாரமின்றி அதன் ஒலி எடுபடாது. ஆகையால் அடிக்கடி அதன் மரத்தில் கன்னத்தை ஒட்டிக் கேட்டார்.

"ஒரு கம்பி மட்டும் இரையுதுங்க. சாயங்காலம் ஹட்டன்ல கல்யாணக் கச்சேரி. மொதத் தடவயா கூப்பிட்டிருக்காங்க" என்றார், ஒன்றும் கேளாத என்னிடம்.

கம்பியை விரலால் அழுத்தி மீட்டினால் ஒழுங்காக ஒலித்தது; வெறுமனே மீட்டினால்தான் இரைந்தது. கிட்டாரின் தலைப்பக்கத்தில் கம்பி தங்கும் பள்ளம் தேய்ந்து, கம்பி தாழ்ந்துவிட்டதாம். தமது அட்டைப் பயணச்சீட்டின் மூலையைக் கிழித்துக் கம்பிக்கடியில் செருகினார். இரைச்சல் நின்றது.

அப்போது பரிசோதகர் வந்தார்.

"என்னப்பா, டிக்கட்டுல ஒரு மூலையக் காணோம்?"

"கிட்டாருக்குள்ள இருக்குங்க ஐயா. எடுத்தா கல்யாண வீட்ல மானம் போயிருங்க."

பரிசோதகர் குனிந்து, தாமும் மரத்தில் கன்னத்தை வைத்துக் கேட்டார்.

"சரி, ஹட்டன் வரைக்கும் வாசி. நிறுத்தினா அபராதம்."

அவர் வியர்க்க வியர்க்க வாசித்தார். பெட்டியே சூழ்ந்து நின்று தலையாட்டியது. கொட்டகலையில் ஏறியவர்களும் காரணம் கேளாமலே கைதட்டினார்கள். ரயிலின் ஓசையில் எனக்கு ஒரு சுரமும் கேட்கவில்லை. அவர் வாசித்தது என்ன பாட்டு என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என் கால் அதற்குத் தாளம் போட்டதை நானே பார்த்தேன்.