தோற்கிற அணிக்கு வான் ஓட்டிய காலம்

ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் எங்கள் தொழில். ஏறும்போது இருந்த முகம் இறங்கும்போது இருக்காது என்பது ஸ்டியரிங் பிடித்துப் பிழைத்த எல்லாருக்கும் தெரியும். நீங்களும் டாக்ஸியோ, பள்ளிக்கூட பஸ்ஸோ, பீட்சா டெலிவரியோ ஓட்டியிருந்தால் என் கஷ்டத்தில் பாதி உங்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மிச்சப் பாதி என்னவென்றால், நான் ஏற்றி இறக்கியது பேஸ்போல் விளையாட்டுக்காரரை. அதுவும் தோற்றுக்கொண்டே இருந்த ஒரு அணியின் விளையாட்டுக்காரரை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருஷங்கள் அவை. மொன்றியலில் அப்போது பெரிய லீக்கில் ஆடும் அணி ஒன்று இருந்தது. இன்றைக்கு ஊரை விட்டுப் போகும், நாளைக்குப் போகும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. பெரிய அணிக்குக் கீழே, தூரத்துச் சின்ன ஊர்களில், அதற்கென்று சின்ன அணிகள் உண்டு. நாற்றுமேடை மாதிரி. அங்கே பெடியன்கள் வருஷக்கணக்காக பஸ்ஸில் அலைந்து திரிந்து ஆடுவார்கள். மேலே யாருக்காவது காயம் பட்டால் கீழேயிருந்து ஒருவனைக் கூப்பிடுவார்கள். காயம் மாறி மற்றவன் சுகமானால் வந்தவன் திரும்பிப் போகவேண்டும். வருகிறவனை டோர்வல் விமான நிலையத்தில் என் வானில், அதாவது வேனில், ஏற்றுவதும் போகிறவனை அங்கேயே கொண்டுபோய் விடுவதும் என் வேலை. அவர்கள் இங்கிலீசில் கதைத்ததை எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன்.

பேர்ப் பலகை

எனக்கு வாய்த்த முதல் ஆள் வில்சன். டொமினிக்கன் நாட்டவன், முப்பதை நெருங்கியவன், அடிமரம் மாதிரி உடம்பு. அவன் ஒரு கேச்சர். அதாவது, மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து எறிகிற பந்தைப் பிடிக்கிறவன். சின்ன ஊர்களிலேயே இளமையைக் கழித்தவன். பெரிய அணியின் கேச்சருக்கு விரல் முறிந்தபடியால் திடீரென்று கூப்பிட்டிருந்தார்கள்.

அவன் பேரைப் பெரிதாக எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். பிளேனில் வந்த சனமெல்லாம் போய் முடிந்தது. பெரிய பையோடு ஒருவன் மட்டும் என்னைத் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்தான். கடைசியில் வந்து, நகரத்துக்குப் போகிற பஸ் எங்கே நிற்கும் என்று என்னிடமே கேட்டான். நான் பலகையை அவன் முகத்துக்கு நேரே தூக்கினேன். எழுத்துக் கூட்டி வாசித்தான். பிறகு சொன்னான்: "இது என்ர பேர்தான். ஆனால் என்ர பேரைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஒரு ஆள் நிக்கும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே!"

விக்கெட் இல்லாத கீப்பர்

மரியதாஸ் என்ற என் பேரை வில்சன் முதல் நாளே மாரியோ ஆக்கிவிட்டான். ஒரு கிழமை போனதும், "மாரியோ, ஹோட்டல் சாப்பாடு தொண்டைக்குள்ள இறங்குதில்லை, வாழைக்காய் எங்க கிடைக்கும்?" என்று கேட்டான். இலங்கைத் தமிழர் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் சிவம் அண்ணையின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே வாழைக்காய், மரவள்ளிக்கிழங்கு, மாம்பழம், ஆட்டிறைச்சி எல்லாம் ஒன்றாகக் கண்டவுடன் வில்சன் தொப்பியைக் கழற்றிவிட்டான். கோயிலுக்குள் வந்தவன் மாதிரி.

சிவம் அண்ணை சனிக்கிழமைகளில் எங்கள் ஆட்களின் கிரிக்கெட்டுக்கு அம்பயராக நிற்கிறவர். விளையாட்டுக்காரன் என்றதும் விசாரணையைத் தொடங்கினார். "எத்தினை ரன் அடிச்சிருக்கிறார்?" பெரிய அணிக்கு வந்து இன்னும் ஒரு அடி கூடச் சரியாக விழவில்லை என்று வில்சன் உள்ளதைச் சொன்னான். "அப்ப என்ன வேலை செய்யிறார்?" வில்சன் கடையின் நடுவில், அரிசி மூட்டைக்கும் ஆட்டாமா மூட்டைக்கும் இடையில், குந்திக் காட்டினான். மட்ச் முழுக்க இப்படித்தான் என்றான். எழும்பும்போது இரண்டு முழங்காலும் கடக்கென்று சத்தம் போட்டதை எல்லாரும் கேட்டோம். அண்ணைக்கு மனம் இளகிவிட்டது. உள்ளே இறைச்சி வெட்டுகிறவரைப் பார்த்துக் கத்தினார்: "விக்கெட்டும் இல்லாமல் கீப்பர் வேலை பாக்கிற பிள்ளையடாப்பா! ஆட்டுக்காலையும் சேர்த்துக் கட்டு, முழங்காலுக்கு நல்லது!"

என்னத்தை மன்றாடுவது

ஞாயிறு காலையில் மாதா கோயில் பூசைக்குப் போகவேண்டும் என்று வில்சன் கேட்டான். ஸ்பானியப் பூசை எங்கே என்று எனக்குத் தெரியாது. எங்கள் தமிழ்ப் பூசைக்கே கூட்டிக்கொண்டு போனேன். பாஷை விளங்காவிட்டாலும் முழங்காலில் நிற்கவேண்டிய இடத்தில் நின்றான், எழும்பவேண்டிய இடத்தில் எழும்பினான். பூசை முடிந்து கீழ் மண்டபத்தில் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். எங்கள் பங்கில் எல்லாருக்காகவும் மன்றாடுகிற றீற்றா அக்கா வந்து, இந்தப் பிள்ளைக்கு என்ன கவலை என்று கேட்டா. நான் விளங்கப்படுத்தினேன். மற்றவனின் முறிந்த விரல் மாறிக்கொண்டு வருகிறது, அது சுகமானால் இவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அக்கா யோசித்தா. "அப்ப நான் என்னத்தை மன்றாடுறது? அந்தப் பெடியன்ர விரல் மாறக்கூடாது எண்டோ? அது பாவமெல்லோ!" நான் இதை வில்சனுக்கு மொழிபெயர்த்தேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை. ரோல்ஸைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "விரல் சுகமாகட்டும் எண்டே மன்றாடச் சொல்லு. போறதுக்கு முன்னம் எனக்கு ஒரே ஒரு அடி விழட்டும். அது காணும்."

ஒரு அடி

மட்ச் முடியும் வரைக்கும் வாசலில் காத்திருக்கவேண்டியவன் நான். ஆனால் ஸ்டேடியம் காலியாகக் கிடந்ததால் கேற்றில் நின்றவர் என்னை உள்ளே விட்டுவிடுவார். அவ்வளவு பெரிய கூரைக்குக் கீழே ஒருவர் தும்மினால் மற்றப் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். விரல் முறிந்தவருக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று என்ற கதை வந்த மறுநாள், பகல் மட்ச். வில்சனுக்கு மட்டை பிடிக்க வாய்ப்புக் கொடுத்தார்கள். இரண்டு முறை அடி விழாமல் சும்மா திரும்பினான். மூன்றாம் முறை பந்து மட்டையின் நுனியில் பட்டு, வெட்கப்பட்ட பிள்ளை மாதிரி நிலத்தில் உருண்டது. எடுக்க ஓடி வந்தவனுக்குக் கால் வழுக்கியது. வில்சன் ஓடினான். அந்த உடம்பு அப்படி ஓடியதை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. பந்து வந்து சேருமுன் அவன் கால், ஓடிச் சேரவேண்டிய முதல் மூலையைத் தொட்டுவிட்டது; அது ஒரு அடி என்று கணக்கு.

பெரிய பலகையில் அவன் பேர் வந்தது. முதல் அடியின் பந்து அடித்தவனுக்கே சொந்தமாம்; நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அதை வாங்கிக் கொடுத்தார். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கினான். அடுத்த நாளே அவனைக் கீழே அனுப்பிவிட்டார்கள். விமான நிலையம் போகும் வழி முழுக்க அவன் வாய்க்குள் ஏதோ பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான். போகிற பயணத்தில் பாடிய ஒரே ஆள் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை றீற்றா அக்காவுக்கு நடந்ததைச் சொன்னேன். "மற்றப் பெடியனுக்கு விரல் மாறீற்றுதோ?" என்று கேட்டா. மாறிவிட்டது என்றேன். அக்கா தலையை ஆட்டினா: "அப்ப கேட்ட ரெண்டும் கிடைச்சிட்டுது. இனி வேற ஆரும் இருந்தால் சொல்லு."

இடதுகைக்காரன்

வேறு ஆள் அடுத்த கோடையில் வந்தான். டானியல். அமெரிக்காவில் நெப்ராஸ்காவிலிருந்து, சோளக் காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. நெட்டையன், கூச்சக்காரன், பந்தெறிகிறவன், இடதுகை. வந்த இரண்டாம் நாளிலிருந்து என்னோடும் கதையில்லை. ஏதோ உள்ளே கிடந்து அரிக்கிறது என்று தெரிந்தது. கேட்டேன். ஸ்டேடியத்து ஒலிபெருக்கியில் தன்னைக் கூப்பிடும்போதெல்லாம் "கோஷே, கோஷே" என்று சனத்துக்கு முன்னால் நக்கலடிக்கிறார்களாம். இங்கிலீசில் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு சொல் இருக்கிறது, நாலு பேருக்கு முன் எப்படி நடப்பதென்று தெரியாத பட்டிக்காட்டான் என்று அர்த்தம். அவன் தாய் பள்ளிக்கூட ரீச்சர், வீட்டில் அந்தச் சொல்லால்தான் அவனைத் திருத்துவாவாம்.

அகதியாக வந்த புதிதில் அரசாங்க வகுப்பில் படித்த பிரெஞ்சு அன்றைக்குத்தான் எனக்கு உதவியது. "தம்பி, பிரெஞ்சில கோஷே எண்டால் இடதுகைக்காரன். வேற ஒண்டுமில்லை," என்றேன். அவன் எறிந்த பந்துகளை அன்று எதிரணி கூரை வரைக்கும் அடித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னான்: "அப்ப அவையள் திட்டேல்லை. ஆனால் இண்டைக்கு நான் எறிஞ்ச எறிக்குத் திட்டியிருந்தாலும் பிழையில்லை."

நோ போல்

அவனையும் அனுப்பினார்கள். ஒரு சனிக்கிழமை. நெடுஞ்சாலையில் லொறி ஒன்று புரண்டு, வாகனங்கள் அசையவில்லை. அந்த நெரிசலுக்குள்தான் டானியல் வாய் திறந்தான். அறுவடைக்கு ஆளில்லாமல் தகப்பன் தனியே நிற்கிறார், கீழே போனால் அப்படியே வீட்டுக்குப் போய்விடப் போகிறேன், விளையாட்டு எனக்குக் காணும், இனி வேண்டாம் என்றான். நாங்கள் போய்ச் சேருமுன் விமானமும் போய்விட்டது. அடுத்தது பின்னேரம். அவனை விமான நிலையக் கதிரையில் தனியே இருத்திவிட்டு வர மனம் வரவில்லை. வானைத் திருப்பி ஜாரி பார்க்குக்கு விட்டேன். அங்கே எங்கள் ஆட்கள் டென்னிஸ் பந்துக்கு டேப் சுற்றிக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பேஸ்போல்காரன் என்று கேட்டதும் பந்தை அவன் கையில் திணித்தார்கள். மெதுவாகத்தான் எறிந்தான். சிவம் அண்ணை உடனே கையை நீட்டினார். "நோ போல்! கை மடங்குது!" டானியலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையைக் கொஞ்சம் பதித்து, தாழ்த்தி எறிந்தான். "நோ போல்!" இன்னும் பதித்தான். "நோ போல்!" பதித்துப் பதித்து இடுப்பு மட்டத்துக்கு வந்துவிட்டான். அங்கேயிருந்து வந்த பந்து குறுக்கே வளைந்து, மட்டை பிடித்து நின்ற மருந்துக்கடைக்காரரின் கால் பெருவிரலைத் தேடிப் போனது. அவர் துள்ளி, மல்லாக்க விழுந்தார். மைதானமே சிரித்தது. டானியலும் சிரித்தான், அவன் பல்லை அன்றைக்குத்தான் கண்டேன். சிவம் அண்ணை மட்டும் சிரிக்காமல் அவனிடம் போய்ச் சொன்னார்: "இதுவும் நோ போல்தான். ஆனால் இதை ஒருத்தராலையும் அடிக்கேலாது தம்பி. உங்கட விளையாட்டில இதுக்கு ஏதும் தடை இருக்கோ?"

தூரத்து ரெலிபோன்

தடை ஒன்றும் இல்லையாம். அடுத்த வசந்தத்தில் ஒருநாள் வில்சன் எனக்கு ரெலிபோன் எடுத்தான். அவனும் டானியலும் இப்போது ஒரே சின்ன அணியில். டானியல் வீட்டுக்குப் போய் அறுவடையை முடித்துக் கொடுத்துவிட்டு, கையைப் பதித்து எறிகிற இந்தப் புது எறியோடு திரும்பி வந்திருக்கிறான். முதலில் பயிற்றுநர் தலையில் கை வைத்தாராம். வில்சன்தான் காலையில் மற்றவர்கள் வருமுன் குந்தியிருந்து பிடித்துப் பழக்கம் எடுத்திருக்கிறான். எங்கே வளையும் என்று தெரியாமல் நெஞ்சிலும் தொடையிலும் வாங்கிய அடிகளைக் கணக்குச் சொன்னான். ஆனால் குரலில் நோவு இல்லை. "மாரியோ, உங்கட ஆக்கள் இவனுக்கு என்ன சாப்பாடு தீத்தினீங்கள்? பந்து பாம்பு மாதிரி வருது!"

செப்டெம்பர்

செப்டெம்பரில் பெரிய அணிகள் கீழேயிருந்து கூடுதலாகச் சில பேரை எடுத்துப் பார்க்கலாம். அந்த வருஷம் டோர்வலில் நான் இரண்டு பேரை ஒன்றாக ஏற்றினேன். எங்கள் அணி எப்போதோ தோற்று முடித்திருந்தது. வென்றாலும் தோற்றாலும் ஒன்றும் மாறாது. ஒரு பகல் மட்சில், மூலைகள் எல்லாவற்றிலும் எதிரணி ஆட்கள் நிற்க, அவர்களுடைய பெரிய மட்டைக்காரன் மட்டையோடு வந்தான். டானியலைக் கூப்பிட்டார்கள். குந்தியிருந்தது வில்சன். அன்றைக்கு நான் கதிரையில் இருக்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் பந்து வளைந்து போனது, மட்டைக்காரன் காற்றை அடித்தான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பந்துக்கு அவன் மட்டையை வீசிய வீச்சில் தொப்பி கழன்று விழுந்தது. பந்து வில்சனின் கையுறைக்குள் இருந்தது; மூன்று முறை காற்றை அடித்தவன் அவுட்.

ஹோட்டலுக்குப் போகும்போது டானியல் வானுக்குள் இருந்தே செல்போனில் தகப்பனைக் கூப்பிட்டான். தகப்பன் சோளம் வெட்டுகிற மெஷினில் இருந்தபடியே, சத்தத்துக்குள் கத்திக் கதைத்தார். டானியலும் கத்தினான். பிறகு நடந்ததை முதல் பந்திலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினான். வில்சன் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டு பின் சீட்டில் சாய்ந்து கிடந்தான். கடைசியில் அவன்தான் முன்னால் எட்டி டானியலின் தோளைத் தட்டினான்: "அப்பரை வேலையைப் பாக்க விடு. எங்களுக்கு நாளைக்கும் மட்ச் இருக்கு."

அந்த அணி இப்போது இந்த ஊரில் இல்லை, அந்த விளையாட்டின் சட்டங்களும் எனக்கு இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை, ஆனால் வெல்கிற அணிக்கு ஓட்டுகிறவனுக்குக் கிடைக்காத ஒரு வசதி எனக்கு இருந்தது: என் வானில் ஏறியவர்கள் எல்லாருக்கும் நல்லது எதுவானாலும் இனிமேல்தான் நடக்கவேண்டியிருந்தது.