பதினோரு பை ரத்தம்

22.3. தண்ணீர் லாரி ஓட்டும் ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் அளவு இது. சுரங்க நிர்வாகம் பெண்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 19.

கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில் அந்தச் சுரங்கம். புழுதி அடங்க மண்சாலையில் தண்ணீர் தெளிப்பது அவர் வேலை; பதினோரு வருடமாக. முகம் எந்நேரமும் சிவந்திருப்பதால் சக ஓட்டுநர்கள் வைத்த பெயர் தக்காளி. "நீங்க இன்னும் காய்தான்டா, நான் பழுத்துட்டேன்" என்பார்.

அங்கே ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் குறைவு. அது தெரிந்ததும் உடம்பில் சில மரபணுக்கள் முடுக்கிவிடப்படும், சிறுநீரகம் ஹார்மோனைச் சுரக்கும், சிவப்பணுக்கள் பெருகும். தலைமுறைகளாக உயரத்திலேயே வாழும் சில மக்களுக்கு இந்த வேகம் மட்டுப்பட்டிருக்கும். சமவெளியில் பிறந்த இவருக்கு அது அடங்கவே இல்லை. ரத்தம் குழம்பாகிவிட்டது. ஓயாத தலைவலி, காதில் இரைச்சல்.

சுரங்கத்தில் எல்லோருக்கும் ஒரு வழி தெரியும். வருடப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்னால் சுரங்க மருத்துவமனை நர்ஸிடம் ஒரு பை ரத்தத்தை இறக்கிவிட்டு, வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பது. அளவு இறங்கும், வேலை தப்பும். இவரும் வருடம் தவறாமல் அதைத்தான் செய்தார்.

இந்த வருடம் ஒரு வளைவில் சாலை இரண்டாகத் தெரிந்தது. அடிவாரத்து ஆலைக்கு மாற்றல் கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஏட்டில் போன வருட அளவு 18.4, ஆரோக்கியமான ஆளை ஏன் இறக்க வேண்டும்?

பரிசோதனை நெருங்கியதும் நர்ஸ் கூப்பிட்டார். "படுங்கக்கா, ஒரு பை எடுத்துடலாம்."

"கிட்ட வந்தே, அந்த ஊசிய உனக்கே குத்திடுவேன்."

"வேலை போயிடும்கா!"

"போகட்டும். பதினோரு பை கொடுத்து அவங்க ஏட்டுக்கு நானே வெள்ளையடிச்சிருக்கேன். புத்தி இருக்கா எனக்கு?"

அப்படியே போய் நின்றார். 22.3 வந்தது. மருத்துவர், ஆராய்ச்சிக்கென்று முன்பே வாங்கியிருந்த எச்சில் மாதிரியின் முடிவை எடுத்துப் போட்டார்.

"உங்க ஜீன் அப்படிம்மா. போன வருஷம் வரைக்கும் நார்மல்தானே? வேலைய குத்தம் சொல்ல முடியாது."

"டாக்டர் தம்பி, முப்பத்தஞ்சு வருஷம் கீழ இருந்தேன். அப்பெல்லாம் இந்த ஜீன் வாயே திறக்கலையே! மேல ஏத்தினது யாரு? எங்க அப்பனா?"

மருத்துவர் 'பிறவிக் கூறு, பணியால் வந்ததல்ல' என்று எழுதிக் கையெழுத்திட்டார். ரத்தம் எடுத்த ஊசியும் பையும் இதே மருத்துவமனையின் அலமாரியிலிருந்து போனவை. வருடா வருடம் குறைந்த கணக்கு அவர் கண்ணில் படவே இல்லையாம்!

திங்கட்கிழமை லாரிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதம் பதினான்காம் தேதி தொழிலாளர் அலுவலகம் அவர் புகாரை விசாரிக்கிறது. நர்ஸ் சாட்சி சொல்கிறார். அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்.