மேடைக்கு முன் இரண்டு மாத்திரை

மேம்சாவின் உதடு வெடித்துக் கிடந்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து தொண்டையில் சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. இம்பாலில் தேசிய உடற்கட்டழகுப் போட்டி நடந்த அரங்கத்தின் பின்னறையில் அவள் கைகளை விரித்து நிற்க, கணவன் பிரோஜித் அவள் முதுகில் பழுப்புச் சாயம் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்த கை சட்டென்று நின்றது.

"நெஞ்சு ஏன் இப்படி அடிக்குது? விட்டு விட்டு அடிக்குதே."

"பயம்தான். தேய்ங்க."

அவள் குரல் அவன் குரலைவிடத் தடித்திருந்தது.

முப்பத்தாறு வயது அவளுக்கு. சந்தையில் மீன் விற்றுக் குனிந்து குனிந்து வந்த முதுகுவலிக்காகத்தான் முதலில் ஜிம்முக்குப் போனாள். மூன்றே வருஷத்தில் மாநிலப் பட்டம். மேடையில் நின்ற அந்த மூன்று நிமிஷமும் அவளை யாரும் மீன்காரி என்று கூப்பிடவில்லை. அதன்பிறகுதான் பயிற்சியாளர் இபுங்கோ தசை ஏற்றும் ஊசியைப் பற்றிப் பேச்செடுத்தார். ஜிம்மில் எல்லோருக்கும் அவர் ஓஜா, வாத்தியார்.

"தேசியத்துல தங்கம் அடிச்சா போலீஸ் வேலை. சும்மா முட்டை தின்னுட்டு அங்க எவ நிக்கிறான்னு நினைச்ச?"

மூன்று மாதத்தில் தோள் திரண்டது. கண்ணாடியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே அலுக்கவில்லை. நான்காம் மாதம் தீட்டு நின்றது. முகவாயில் முடி கறுத்தது. பயிற்சி முகாமிலிருந்து ஒருநாள் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தவள் எட்டு வயது மகள் லின்தோய். "அம்மா ஊர்ல இல்லீங்க அங்கிள்" என்று சொல்லி வைத்துவிட்டாள். மேம்சா அன்றைக்கு முழுக்க அழுதாள். மறுநாள் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டாள்.

கதவு திறந்தது. ஓஜா உள்ளே வந்து அவள் தொடையைக் கிள்ளிப் பார்த்தார்.

"தோல் இன்னும் ஒட்டலையே. உள்ள தண்ணி நிக்குது." உள்ளங்கையில் இரண்டு மாத்திரை நீட்டினார். "இதைப் போடு, வடிஞ்சிடும்."

"காலையிலேயே போட்டாச்சு ஓஜா! இவ நெஞ்சுல கை வச்சுப் பாருங்க" என்றான் பிரோஜித்.

"நீ சாயம் பூச வந்தியா, வைத்தியம் பார்க்க வந்தியா?"

"செத்துப்போனா நீங்களா வந்து எம்பொண்ணுக்குச் சோறு போடுவீங்க?"

ஒலிபெருக்கியில் அவள் பெயர் கேட்டது. மேம்சா இருவரையும் பார்த்தாள். ஒரு மாத்திரையை எடுத்து வெறும் தொண்டையில் விழுங்கினாள். மற்றதைப் பிரோஜித் தட்டிவிட்டான்.

மேடையில் முதல் இரண்டு நிலைகளும் நன்றாகவே போயின. மூன்றாவதுக்கு முதுகைத் திருப்பிக் கைகளை உயர்த்தியபோது தொடை கல்லாக இறுகியது. விரல்கள் மடங்கின, பிரியவில்லை. கூட்டம் ஆரவாரித்தது. விளக்குகள் மங்கி மங்கித் தெரிந்தன. அவள் பல்லைக் கடித்துச் சிரித்தபடி நின்றாள். வெள்ளிப் பதக்கம் கழுத்தில் விழுந்ததும் திரைக்குப் பின்னால் நாலு எட்டு நடந்து, அப்படியே சரிந்தாள்.

பிரோஜித்தும் இன்னொரு போட்டியாளரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினார்கள். சாயம் இருவர் சட்டையிலும் அப்பியது. ஓஜா வரவில்லை. உடம்பில் உப்புச்சத்து தாறுமாறாகிவிட்டது, அரைமணி தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். நான்கு நாள் நெஞ்சில் ஒயர்களோடு கிடந்தாள்.

வேலை, தங்கம் வென்ற பெண்ணுக்குப் போயிற்று.

மேம்சா ஊசியை நிறுத்தினாள். ஏழு மாதத்தில் தீட்டு திரும்பியது. குரல் திரும்பவே இல்லை. சந்தையில் "வாங்கம்மா, விரால் துள்ளுது!" என்று அவள் கூவினால் புதியவர்கள் ஆண்பிள்ளையைத் தேடுவார்கள். லின்தோய்க்கு மட்டும் அது பழகிவிட்டது.

மறுவருஷம் மருந்தில்லாமல் மாநிலப் போட்டியில் நின்றாள். ஆறாமிடம். வீட்டுக்கு வந்து ரவிக்கையைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன தேடுற?" என்றான் பிரோஜித்.

"போன வருஷ முதுகு நல்லா இருந்துச்சுல்ல?"

அவன் பயந்துபோய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.