முதல் நாளே எழுதிவைத்த வானிலை

எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரு கரும்பலகை இருந்தது. வடை, பஜ்ஜி என்று எழுதிப் போடுவதற்காகக் கடைக்கார அண்ணாச்சி வாங்கியது. கோவில்பட்டியில் கல்லூரி முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த நான் அதைப் பிடித்துக்கொண்டேன். நூலகத்தில் கிடைத்த மேகப் புத்தகம் ஒன்றை மூன்றே நாளில் கரைத்துக் குடித்திருந்த நேரம். கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம் என்று பேர் சொல்லாமல் என்னால் அண்ணாந்து பார்க்கவே முடியாது. தினமும் காலையில் வானத்தைப் பார்த்துவிட்டுச் சாக்பீஸால் எழுதுவேன்: “இன்று கீற்று மேகம். வறண்ட வானிலை.”

அது மாசி மாதம். கரிசல் காட்டில் மாசியில் எந்த மடையன் எழுதினாலும் அந்த வரி பலிக்கும். இருபது நாள் தொடர்ந்து பலித்தது. அண்ணாச்சி என் டீயில் சீனி கூடப் போட ஆரம்பித்தார். ‘தம்பி சொன்னா சரியா இருக்கும்’ என்று பேரானது. ஏன் சரியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டு மதினிக்கு ரோட்டோரத்தில் மிளகாய்க் களம். அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதால் அந்த வருஷம் விதைத்தது, களையெடுத்தது, பழம் பறித்தது எல்லாம் மதினிதான். மொத்த வெள்ளாமையும் களத்தில் சிவப்பாகக் கிடந்தது. பாதி காய்ந்த வத்தலில் ஒரு சங்கடம் உண்டு. குவித்துத் தார்ப்பாயால் மூடினால் உள்ளுக்குள் புழுங்கிக் கறுத்துவிடும். மூடாமல் விட்டு மழையில் நனைந்தால் வெளுத்துச் சண்டு வத்தலாகிவிடும். அந்தச் சண்டு வத்தலை வியாபாரி காலால் தள்ளிவிட்டுப் போவார்.

அன்று சாயங்காலம் மதினி டீக்கடைக்கே வந்துவிட்டார்.

“என்ன கொழுந்தனாரே, வானத்துக்குக் கலெக்டரே! தெக்க லேசா மூட்டம் தெரியுதே. நாளைக்கு வத்தல மூடவா, விடவா?”

“அது கீத்து மேகம் மதினி. அம்புட்டும் ஐஸ் தூளு. மழை வராது.”

“ஐஸாவது, சேமியா ஐஸாவது! வத்தல் நனையுமா நனையாதா, அதச் சொல்லும்.”

“காலையில மேகத்தப் பாத்துட்டுப் போர்டுல எழுதுதேன். அதப் பாத்து முடிவு பண்ணுங்க.”

“எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கிடுவேன். ஒம்ம நம்பித்தான் விடுதேன், பாத்துக்கிடும்.”

மறுநாள் எனக்கு எட்டயபுரத்தில் அறிவியல் பேச்சுப் போட்டி. விடிந்ததும் பஸ். பலகைக்கு நேரம் இருக்காது என்று, மதினி அந்தப் பக்கம் போனதும் மறுநாள் தேதியைப் போட்டு “வறண்ட வானிலை” என்று அப்போதே எழுதிவிட்டேன்.

“என்ன தம்பி, நாளைக்கு வானத்த இன்னைக்கே பாத்துட்டியளா?” என்றார் அண்ணாச்சி.

“எல்லாம் கணக்குத்தான் அண்ணாச்சி.”

காலையில் பஸ்ஸில் ஜன்னலோர இடம். களத்தைத் தாண்டும்போது வத்தல் விரிந்து கிடந்தது. பலகையைப் படித்துவிட்டு வந்த மதினி அதைக் கையால் கிளறிக்கொண்டிருந்தார். அப்புறம்தான் வானத்தைப் பார்த்தேன். கிழக்கே நடு உயரத்தில் ஒரு மேக வரிசை. அடிப்பக்கம் தட்டை, மேலே சின்னச் சின்னக் கோபுரங்கள், கோட்டை மதில் மாதிரி. புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். காலையில் இது தெரிந்தால் பிற்பகலில் இடிமழைக்கு வாய்ப்பு அதிகம்.

‘இறங்கணும்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் கண்டக்டர் விசிலடித்திருப்பார். திரும்பி ஓடினால் களத்துக்குப் பத்து நிமிஷம். சொல்லவில்லை. எட்டயபுரத்தில் இறங்கிய இடத்தில் ஒரு ரூபாய் போன் பெட்டி இருந்தது. டீக்கடை நம்பர் மனப்பாடம். காசைக் கையில் எடுத்தும்விட்டேன். போர்டை அழித்துவிட்டு மதினியிடம் மூடச் சொல்லுங்கள் என்றால், ‘அப்ப நேத்துக் கணக்குன்னு சொன்னியளே, அது பொய்யா?’ என்று அண்ணாச்சி கேட்பார். கடை நிறைய ஆள் இருக்கும். இருபது நாள் பேர் ஒரு நிமிஷத்தில் போய்விடும். மழை வராமலும் போகலாமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காசைப் பைக்குள் போட்டேன்.

போட்டியில் பேசியதும் மேகங்களைப் பற்றித்தான். கோட்டை மேகம் வந்த இடத்தில் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, “இதோ, இன்றைக்கே தெரிகிறது பாருங்கள். மாலைக்குள் இடி இடிக்கும்” என்றேன். நடுவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கைதட்டினார்கள். இதை யாரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று உறைத்தது. உறைத்தும் முழுக்கப் பேசி முடித்தேன். இரண்டாம் பரிசு கொடுத்தார்கள்.

மூன்று மணிக்கு இடித்தது. திரும்பி வந்து களத்தருகே இறங்கியபோது மழை விட்டிருந்தது. மதினியும் உதவிக்கு வந்த ஒரு பெண்ணும் முழங்கால் வரை கரிசல் ஒட்ட, பள்ளத்தில் மிதந்த வத்தலைக் கூடையால் அரித்துக்கொண்டிருந்தார்கள்.

“வாரும் மேகக்காரரே, இதுவும் ஐஸ் தூளுதானா?” என்றாள் அந்தப் பெண்.

“ஏட்டி, சும்மா கெட. திடீர்னு மேகம் கூடுனா இவிய என்ன செய்வாவ?” என்று அவளை அடக்கிய மதினி என் பக்கம் திரும்பினார். “காலையில பாத்துட்டுத்தான எழுதுனீரு?”

“பாத்துட்டுத்தான் மதினி. ஒண்ணுமே தெரியல.”

“அதான் சொல்லுதேன்” என்று அவளிடம் சொல்லிவிட்டு, கூடையின் ஒரு பக்கத்தை என்னைப் பிடிக்கச் சொன்னார்.

முக்கால்வாசி சண்டாகிப் போனது. நான் டீக்கடைப் பக்கமே போகவில்லை. கணிப்புத் தப்பிய வெட்கம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. நாலாம் நாள் மதினியே என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகை முன்னால் நிறுத்தினார்.

“ஒரு நாள் தப்புச்சுன்னா விட்டுருவீரா? எழுதும்.”

கடையில் அண்ணாச்சியையும் எங்களையும் தவிர ஆளில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் “வறண்ட வானிலை” என்று எழுதினேன். மதினி எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, மிச்ச வத்தலைக் காயப்போடக் களத்துக்கு நடந்தார்.