மாமா தாழ்த்திய கார்

என் கையெழுத்து ஒரு வரியில் நேராக நிற்காது. ல, ள, ழ மூன்றும் எனக்கு இன்னும் குழப்பம்தான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதியது என்று பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. போன வாரம் சித்தி மகனுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. அவன் பிறப்பதற்கு முன்னால் மாமா கார் நடுரோட்டில் புகைந்த கதையைச் சொல்லச் சொன்னார்கள். சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அதனால் எழுதுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி, சித்திக்கு அண்ணன். திருவண்ணாமலையில் மெக்கானிக் பட்டறை வைத்திருந்தார். ஒரு பழைய பியட் கார் சொந்தமாக இருந்தது. பட்டறைச் சுவரில் ஒரு ரேஸ் கார் படம் ஒட்டியிருந்தார். வயிறு தரையில் படும்படி படுத்திருக்கும் மஞ்சள் கார். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்தப் படத்தைப் பார்ப்பதற்கென்றே பட்டறைக்குப் போவேன்.

சித்தியைக் கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தார்கள். நாலு வருஷம் கழித்து உண்டான முதல் பிள்ளை ஆறாம் மாசத்தில் தங்காமல் போய்விட்டது. மறு வருஷம் மறுபடி உண்டானாள். வீட்டில் யாரும் சந்தோஷத்தைச் சத்தமாகச் சொல்லவில்லை. இதாவது நல்லபடியாகக் கைக்கு வரவேண்டும் என்று அம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டபடியே இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் மாமா காரைப் பிரித்துப் போட்டார். முன்சக்கரத்துச் சுருள் ஸ்பிரிங்குகளில் ஒன்றரைச் சுற்றை ரம்பத்தால் அறுத்தெடுத்தார். பின்பக்கம் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் கமான் பட்டைகளின் வளைவைத் தட்டிக் குறைத்தார். கார் நாலு விரல் இறங்கிவிட்டது. என்னை உட்காரவைத்து, கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்து, மலை சுற்றும் ரோட்டில் ஓட்டினார். முன்பெல்லாம் வளைவில் திரும்பினால் கார் ஒரு பக்கமாகச் சாயும், நாங்கள் கதவில் போய் மோதுவோம். இப்போது சாயவே இல்லை. ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பியது.

"ஒரு சொட்டு சிந்துச்சா?" என்றார்.

"இல்ல மாமா."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு வேகத்தடை வந்தது. அடிவயிறு உரசி, தண்ணீர் முழுக்க என் டவுசரில் கொட்டியது.

"மேட்டுக்கு மெதுவா போனா போச்சு. வளைவுதான்டா முக்கியம்" என்றார். ரேஸ் ஓட்டப் போகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

தை மாசம் சித்திக்கு வளைகாப்பு. பாட்டி இல்லாததால் எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு. வளையல் போட்டு அழைத்துவர மாமா காரில் போனோம். திரும்பும்போது சித்தி முன்சீட்டில் இருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். அம்மாவும் நானும் பின்னால்.

அது கொள்ளு அறுக்கும் காலம். செடியை அப்படியே தார் ரோட்டில் பரப்பிவிட்டு, பெண்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். போகிற வண்டிகள் ஏறி மிதித்துக் கொடுக்கும். ஒதுங்கிப் போகிற வண்டிக்காரனை அவர்கள் லேசில் விடமாட்டார்கள். மாமா எப்போதும் மேலேயே ஏற்றிப் போவார், சக்கரம் நன்றாகப் படட்டும் என்று கொஞ்சம் வளைத்தும் ஓட்டுவார். அன்றைக்கும் பழக்கத்தில் ஏற்றிவிட்டார். கார் முன்னைப் போல இல்லை என்பது பாதிச் செடியைத் தாண்டிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

செடியெல்லாம் அடியில் திரண்டுகொண்டது. கார் உறுமிவிட்டு நின்றது. சூடான சைலன்சரில் காய்ந்த செடி ஒட்டியதும் புகை வந்தது. கொள்ளு வறுக்கிற வாசனை. மாமா ஓடிவந்து சித்தியை இறக்கினார். மரத்தடிப் பெண்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்து ஊற்றினார்கள்.

புகை அடங்கியதும் அவர்களில் வயதான ஒருத்தி, "ஏம்பா, உன் காருக்கு காலு ஒடைஞ்சு போச்சா? தவழுதே" என்றாள்.

"அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் வறுத்த கொள்ளு கட்டிக் குடுங்கடி, வண்டியே வறுத்துக் குடுத்திருக்கு" என்றாள் இன்னொருத்தி.

மாமா சிரிக்கவில்லை. ஜாக்கி வைக்கப் பார்த்தார், அது காருக்கு அடியில் நுழையவில்லை. கடைசியில் அந்தப் பெண்களே எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். மாமா கையை விட்டுச் செடியைப் பிடுங்கினார். முழங்கையில் சுட்டுத் தோல் உரிந்தது.

அம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டா தம்பி. நாங்க பஸ்ல போறோம்."

"ஆமாக்கா. பஸ்லயே போங்க" என்றார் மாமா. குனிந்தபடியேதான் சொன்னார்.

சித்தி கையை விடுவித்துக்கொண்டு காரில் ஏறினாள். "நான் எங்கண்ணன் வண்டியிலதான் வருவேன். நீ எடுண்ணா."

மாமா எடுத்தார். கொஞ்ச தூரத்தில் ஏரிக்கரை வளைவு வந்தது. ஒரு கல் இல்லை, ஒரு மேடு இல்லை. நல்ல தார் ரோடு. ஆனால் மாமா காரை ஊர்ந்துபோக விட்டார். சைக்கிளில் புல்லுக்கட்டு கட்டிக்கொண்டு போனவர் எங்களைத் தாண்டிப் போனார். எனக்குத் தாங்கவில்லை.

"வளைவுலதானே மாமா இந்த வண்டி நல்லா போவும்? இங்க போயி ஏன் உருட்டுற?"

அம்மா என் தொடையில் கிள்ளினாள். மாமா ரோட்டையே பார்த்து ஓட்டினார். அவர் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. சித்தி மெல்ல அவர் தோளில் கை வைத்தாள். வளைவு முடிகிற வரை எடுக்கவில்லை. புகையைப் பார்த்து மாமா பயந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

முந்தின வருஷம் சித்தி முதல் பிள்ளையோடு இருந்தபோதும் மாமாதான் அவளை அழைத்துவந்தார் என்றும், இதே வளைவில் குறுக்கே ஓடிய ஆட்டுக்கு ஒதுக்கியபோது கார் சாய்ந்து அவள் கதவில் மோதினாள் என்றும், மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டது என்றும் அம்மா சொன்னபோது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. அதனால்தான் போச்சு என்று டாக்டர் சொல்லவில்லை. வீட்டிலும் யாரும் மாமாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடி உண்டானாள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் அவர் ரம்பத்தை எடுத்திருக்கிறார்.

மாசிக் கடைசியில் சித்திக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த மாமா, அன்றைக்கே பட்டறையில் காரைப் பிரித்தார். புது ஸ்பிரிங் போட்டு, பட்டைகளை வளைத்து, பழைய உயரத்துக்கே ஏற்றிவிட்டார். அது மறுபடி எல்லார் காரையும் போல நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏன் மாமா, நல்லாத்தானே இருந்துச்சு?"

"அதோட வேலை முடிஞ்சிடுச்சுடா" என்றார்.

ஒரு ரேஸ்கூட ஓட்டாமல் வேலை எப்படி முடியும்? மாமா ஒரு பொய்க்காரர் என்று முடிவு செய்தேன். பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை. ஆஸ்பத்திரியில் பிள்ளையைப் பார்க்கக் கூப்பிட்டபோதும் அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று நடந்தே போனேன்.

எழுதி முடித்தது, ஆவணி 12, வியாழக்கிழமை.