லுஹர் வேளை மாத்திரை

தேத்தண்ணி ஆற்றும் அண்ணனுக்கு வலது கை சும்மா இருந்தால்தான் நடுங்கும். வேலை கொடுத்தால் அடங்கிவிடும். சூலியா தெருவில் அவர் வேலை பார்த்த சாப்பாட்டுக் கடையில் நான் பின்கட்டில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன். கூட்டமில்லாத நேரத்திலும் அவர், யாரும் கேட்காத தேநீரை ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு ஆற்றிக்கொண்டே நிற்பார். வேலையில் அவ்வளவு பிரியம் என்று வாடிக்கையாளர்கள் நினைத்தார்கள். ஒருமுறை கல்லாவுக்கு அருகில் அவர் சும்மா நின்றபோது ஒருவர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, கைக்கு பேட்டரி போட்டு வச்சிருக்கீங்களா?" என்றார். அண்ணனும் சிரித்தார். சிரித்தபடியே கையைக் கைலி மடிப்புக்குள் சொருகிக்கொண்டார்.

நான் மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவன். கிள்ளானில் லாரி, ஜொகூரில் கட்டட வேலை, பாலிக் புலாவில் டுரியான் தோட்டக் காவல் என்று எங்கும் காலூன்றாமல் திரிந்துவிட்டு இந்தக் கடைக்கு வந்து சேர்ந்தேன். அரிசி மூட்டைகள்தான் படுக்கை. முதுகுக்குப் பழகிவிட்டது. காலையில் எனக்கு வேலை குறைவு என்பதால், அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் பொறுப்பை அவர் மனைவி என்னிடம் விட்டார். அவரை நான் அக்கா என்பேன்.

பார்க்கின்சன் என்றார் டாக்டர். மருந்து கொடுக்கும் இடத்தில் கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட தமிழ்ப் பெண் ஒருத்தி இருந்தாள். அண்ணன் கேட்ட எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். மூளை பிராணவாயுவை நிறைய எரிக்கும் உறுப்பு. எரிவதிலிருந்து கேடான கழிவுகள் வரும். அவற்றை அடக்க உடம்பே சில பொருள்களைச் செய்து வைத்திருக்கிறது. வயதாலோ வேறு காரணத்தாலோ அந்தக் காவல் தளர்ந்தால் செல்கள் அரிக்கப்படும். கைகால் அசைவுக்கான டோபமினைச் செய்யும் செல்கள் இதில் சீக்கிரம் அடிபடுகின்றன. அந்த அரிப்புதான் நோயைத் தொடங்குகிறதா, நோய் வந்தபின் அரிப்பு கூடுகிறதா என்பது இன்னும் முழுதாகத் தெரியாது என்றும் சொன்னாள்.

எனக்கு அது கடையின் புகைபோக்கியாகத்தான் புரிந்தது. அதைக் கழற்றித் தேய்ப்பவன் நான். அடுப்பு எரிந்தால் புகையும் பிசுக்கும் வரத்தான் செய்யும். அதிலுள்ள காற்றாடி புகையை ஒழுங்காக இழுத்துக்கொண்டிருக்கும்வரை யாரும் மேலே பார்ப்பதில்லை. அது சோர்ந்துபோனால், நெருப்பு அதே நெருப்புதான், ஆனால் கூரை கறுக்கும்.

விஷயம் பரவியதும் ஆளாளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். ஜாதிக்காய்ச் சாறு, மங்குஸ்தான் தோல் பொடி, பச்சை நிற மாத்திரை. அண்ணன் எதையும் மறுக்கவில்லை. எல்லாவற்றையும் குடித்துவிட்டு ஆஸ்பத்திரி மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டார். கை ஓரளவு அவர் சொன்னபடி கேட்டது.

நோன்பு மாதம் நெருங்கும்போது அவர் கைப்பேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. பட்டினி கிடந்தால் உடம்பின் காவல் தானாக விழித்துக்கொள்ளும், மூளையின் அழுக்கு வெளியேறும் என்று ஒருவர் அழகாகப் பேசியிருந்தார். அண்ணன் அதைக் கடையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். சிறு வயதிலிருந்து ஒரு நோன்பையும் விடாத மனிதர் அவர். இந்த நோய்க்காக விடவேண்டி வருமோ என்ற பயம் உள்ளே இருந்தது என்று அக்கா பிறகு சொன்னார். செய்தியைக் கேட்டதும் அந்தப் பயம் போய்விட்டது. டாக்டரைக் கேட்காமலே பகல் மாத்திரையை நிறுத்தினார். விடியலுக்கு முன் சஹர் நேரத்தில் ஒன்று, மாலை நோன்பு திறந்ததும் ஒன்று. அக்கா சண்டை போட்டுப் பார்த்தார்.

"மருந்து வெளிய இருந்து வர்றது. நோன்பு உள்ள இருந்து வேலை செய்யுது. எது பெருசுன்னு நீயே சொல்லு" என்றார் அண்ணன். அக்கா பாத்திரத்தைச் சற்று ஓசையோடு வைத்தார்.

முதல் சில நாட்கள் சமாளித்தார். பிறகு ஒரு நாள் பள்ளிவாசலில், லுஹர் எனும் நண்பகல் தொழுகையில் நான் அவர் பக்கத்தில் நின்றேன். நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தாவுக்குப் போனோம். அல்லாஹு அக்பர் என்று இமாம் தக்பீர் சொன்னதும் வரிசை எழுந்தது. அவர் எழவில்லை. தொழுகையில் நின்ற நான் திரும்பிப் பார்க்கவும் முடியாமல், காலடியில் அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தும் நெற்றி விரிப்பிலேயே இருந்தது. மனமுருகி துஆ கேட்கிறார் என்று நினைத்து சிலர் ஒதுங்கிப் போனார்கள். நான் குனிந்து தோளைத் தொட்டேன்.

"எந்திரி எந்திரிங்கிறேன்டா. உடம்பு கேக்கல" என்றார் விரிப்புக்குள்ளிருந்து.

இன்னொருவரைக் கூப்பிட்டு, மடங்கிய நிலையிலேயே தூக்கி உட்காரவைத்தோம். மரக்கட்டையைத் தூக்குவது போலிருந்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர், இந்த நிலையில் பகல் மாத்திரையை விட முடியாது என்று முடிவாகச் சொன்னார். மருந்து கொடுக்கும் இடத்தில் அதே பெண் மருந்தை எடுத்து வைத்தாள். அண்ணன் குரல் செய்தியை அவளுக்கும் போட்டார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"முழுப் பொய் இல்ல அங்கிள். எலிங்கள வச்சு சோதிச்சிருக்காங்க. நடக்கிறது, நல்லா தூங்கிறது, அதெல்லாம்கூட அந்தக் காவலுக்கு நல்லதுதான். ஆனா சாறு, மாத்திரைன்னு வெளிய இருந்து குடுத்துப் பார்த்ததுல இந்த நோய் நின்னதா இதுவரைக்கும் தெரியல. உங்க மருந்து காவல்காரனே இல்ல லா. செத்துப்போன செல்லு செஞ்ச வேலையத்தான் அது செய்யுது. காவலுக்கு ஆள் வைக்கிறேன்னு வேலை செய்யறவனையே நிறுத்திட்டீங்க."

"அப்ப நோன்பு?"

"அத நான் சொல்லக்கூடாது அங்கிள். உங்க இமாம்கிட்ட கேளுங்க."

இமாமிடம் கேட்க ஒன்றுமில்லை என்பது அண்ணனுக்கே தெரியும். தீராத நோயுள்ளவர் நோன்பை விட்டு, ஒவ்வொரு நாளுக்கும் ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். எத்தனையோ பேருக்கு இதை அவரே சொல்லியிருக்கிறார். மற்றவர்களுக்கு அது சலுகையாக இருந்தது. தனக்கு வந்தபோது, வரிசையிலிருந்து தன்னை மட்டும் வெளியே நிறுத்திவிட்டதுபோல் இருந்தது என்று பேருந்தில் வரும்போது சொன்னார். எந்த வரிசையிலும் நெடுநாள் நின்றவன் இல்லை நான். எழ முடியாத உடம்பை ஒருமுறை தூக்கியவன், அவ்வளவுதான்.

அடுத்த நாள் மாலைச் சாப்பாட்டுக்கான சமையல் பின்கட்டில் நடந்துகொண்டிருந்தது. பள்ளிவாசலிலிருந்து லுஹர் பாங்கு ஒலித்தது. அண்ணன் உள்ளே வந்தார். நோன்பிருக்கும் சமையல்காரர்கள் அறிந்தும் அறியாதவர்கள்போல் வெங்காயத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"தண்ணி இருக்காடா?"

ஊற்றிக் கொடுத்தேன். நானும் நோன்புதான். மாத்திரையை நாக்கில் வைத்தவர் சுவர்ப் பக்கம் போகப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அங்கேயே எங்கள் நடுவில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீரை மெதுவாகக் குடித்தார்.